கைக்காசுத் தொழிலாளர் சுமக்கும் பாரம்

மலையகத் தோட்டங்களில் 'கைக்காசு' என்பது புதிய சொல்லல்ல. பதிவுத் தொழிலாளராக அன்றி, பறிக்கும் கொழுந்தின் நிறைக்கேற்பக் கூலி பெறும் தற்காலிக வேலையையே தோட்ட மக்கள் அவ்வாறு அழைக்கின்றனர். ஓய்வுபெற்ற முதியவர்களும் இவ்வேலைக்குச் செல்வதைக் காண்கின்றோம்.

இத்தகைய தொழிலாளரின் தேவையை நாம் மறுக்கவில்லை. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் ஆண்டின் தொடக்கத்தில் பனியும் வரட்சியும் கொழுந்தைக் குறைத்துவிடுகின்றன. ஏப்ரல், மே மாத மழையுடன் கொழுந்து பெருகும்போது இருக்கும் கைகள் போதாமற் போகின்றன. பருவத்துக்கேற்ப ஆட்களைக் கூட்டுவதும் குறைப்பதும் தோட்டத் தொழிலின் இயல்பாகும்.

ஆனால், பருவகால ஏற்பாடு நிரந்தர வழக்கமாக மாறுவதே கவலைக்குரியது. 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது சுமார் மூன்று இலட்சமாகவிருந்த பதிவுத் தொழிலாளர் தொகை, இன்று அதன் பாதிக்கும் குறைவாகும். 2021 மார்ச்சில் சம்பளச் சபையினூடாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதையடுத்துக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. 2024 இல் அச்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாட்சம்பளத்தைச் சட்டம் உயர்த்தலாம். கைக்காசுத் தொழிலாளிக்கு எத்தனை நாள் வேலை என்பதை நிர்வாகமே தீர்மானிக்கின்றது. தேயிலை விலை சரிந்தால் முதலில் நிறுத்தப்படுபவரும் அவரே.

சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு அரைகுறையாகவே கிடைக்கின்றது. வேலைநீக்கம் தொடர்பான 1971 ஆம் ஆண்டுச் சட்டம், 12 மாதங்களில் 180 நாட்களுக்குக் குறைவாக வேலை செய்தவரைக் காப்பதில்லை. 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பணிக்கொடை பெற 5 ஆண்டுச் சேவை வேண்டும். எனினும், 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகத் தொழிலாளரையும் உள்ளடக்கியதாகும். தொழில் வழங்குநர் செலுத்த வேண்டிய 12 சதவீதம் இவர்களுக்கும் உரியது. இந்த உரிமையை அறியாத தொழிலாளி அதனைக் கேட்பது எங்ஙனம்?

தொழிற்சங்கங்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சந்தாப் பட்டியலில் பெயரில்லாதவருக்காகப் பேசுபவர் யார்? தோட்டத்தில் வேலை குறைந்தால் ஹற்றன், தலவாக்கலைக் கடைவீதிகளில் தமிழ், முஸ்லிம் வர்த்தகரின் வியாபாரமும் படுத்துவிடும். இது தோட்டத்து லயத்தோடு முடிந்துவிடும் பிரச்சினையல்ல.

கைக்காசுத் தொழிலாளரின் பெயர்களையும் வேலை நாட்களையும் பதிவேட்டில் குறிக்கச் செய்து, தொழில் திணைக்களம் அதனைத் தவறாது பரிசோதிக்க வேண்டும். சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்க முடியாதெனினும், அதன் பாரம் முழுவதையும் மிக நலிந்தவரின் முதுகில் ஏற்றுவது நியாயமாகாது.