அகத்தியர்கூடத்துக்கு ஒரு பாஸ்

டீ சூடாக இருக்கிறது, மெல்லக் குடியுங்கள். சட்டம் என்று ஒன்று இருந்தால் கீழ்ப்படிந்துதானே ஆகவேண்டும் என்கிறீர்கள். அபராதத்துக்குப் பயந்து கீழ்ப்படிவது இருக்கட்டும். பார்க்க ஒரு ஆள் இல்லாத இடத்திலும் கீழ்ப்படியக் கடமை உண்டா?

கேரளத்தின் வித்துராவிலிருந்து போனக்காடு போனால் அகத்தியர்கூடம் என்ற மலையில் ஏறும் வழி வரும். உயரம் 1,868 மீட்டர். ஏறுகிற சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வனத்துறை பாஸ் கொடுக்கும். பாஸ் இல்லாமல் நுழையக் கூடாது என்பேன். நீங்கள் ஒருவர் போவதால் காடு அழியாது, சரி. ஆனால் பாஸ் கிடைக்காத பலர் பேசாமல் வீட்டில் இருப்பதால்தான் அங்கே இன்னும் காடு மிச்சமிருக்கிறது. அவர்கள் விட்டுக்கொடுத்ததில் நாம் குளிர்காயலாமா? 1955இல் எச்.எல்.ஏ. ஹார்ட் என்ற சட்டத் தத்துவவாதி சொன்ன வாதம் கிட்டத்தட்ட இதுதான்.

அதே மலைக்கு இன்னொரு விதியும் இருந்தது: பெண்கள் ஏறக் கூடாது. ஹார்ட்டின் வாதம் இங்கே எடுபடாது. விட்டுக்கொடுத்தது முழுக்கப் பெண்கள், ஏறியது முழுக்க ஆண்கள். பெண்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சிக்குப் போனார். அது தங்கள் தெய்வத்தின் மலை என்று நம்பும் காணிக்காரப் பழங்குடியினர் போனக்காட்டில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வழியை மறிக்கவில்லை.

கோர்ட் கதவு திறக்காத காலமும் உண்டு. 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கவேண்டும் என்று போராடிய பெரியார், திருவிதாங்கூர் அரசின் தடை உத்தரவை மீறி இரண்டு முறை சிறைக்குப் போனார். உத்தரவை மீறியதை ஒளிக்கவும் இல்லை, தண்டனைக்குத் தப்பி ஓடவும் இல்லை. வசதிக்காக மீறுகிறவன் இப்படிச் செய்யமாட்டான்.

எனக்குச் சிக்கலாகப் படுவது காணிக்காரர்கள் விஷயம். அவர்கள் இருந்த காட்டுக்குள் வனச் சட்டம் பிறகுதான் வந்தது. காட்டில் வாழ்கிறவர்களுக்கு வரலாற்று அநீதி நடந்தது என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே தன் முகப்புரையில் ஒப்புக்கொள்கிறது. அதற்கு முன்பு தேனுக்கும் விறகுக்கும் மலைக்குள் போன ஒருவரிடம், நீ கடமை தவறினாய் என்று நான் சொல்லமாட்டேன்.