புள்ளிக் குதிரையும் பறிபோன நாடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அப்பலூஸா என்றொரு குதிரை ஜாதி உண்டு. அதன் மேனியை ஒரு முறை கண்டவர் எளிதில் மறவார். சிலவற்றின் உடல் முழுதும் வெண்மையாயிருக்க, அதன்மேல் கருமையும் செம்பழுப்புமான புள்ளிகள் சிறுத்தையின் தோலிற்போல் சிதறிக் கிடக்கும். வேறு சிலவற்றின் முன்பாகம் ஒரே நிறமாயிருக்க, பின்புறத்தில் மட்டும் வெள்ளைக் கம்பளி போர்த்தாற்போலிருக்கும். அக்கம்பளியிலும் புள்ளிகள் விழுந்திருத்தல் உண்டு. கருமேனியில் பனி தூவினாற்போன்றவையும் உள. வயது ஏற ஏற நிறம் மாறுவனவும் உண்டு. விழியைச் சுற்றிய வெண்மை மனிதர் கண்ணிற்போல் வெளியே தெரிவதும், குளம்பில் நெடுக்குக் கோடுகள் ஓடுவதும், வாயருகே தோல் திட்டுத் திட்டாயிருப்பதும் இந்த ஜாதியின் அடையாளங்கள்.

புள்ளிகள் மனிதன் படைத்தவையல்ல. பிரான்ஸ் தேசத்துப் பெஷ் மெர்ல் குகையில் ஏறக்குறைய 25,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பெற்ற புள்ளிக் குதிரைகளை வெறுங் கற்பனையென்று கருதினோர் பலர். பழைய எலும்புகளை ஆராய்ந்த சாஸ்திரிகள், மனிதன் குதிரையைப் பழக்கு முன்னரே அத்தகைய குதிரைகள் திரிந்தனவென்று 2011-இல் காட்டினர். இப்புள்ளிகளுக்கு மூலமான ஜீனின் மாறுதலைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குதிரைக்கு இருட்டில் கண் தெரியாது. அழகுக்கு இயற்கை வாங்கும் விலை போலும்!

ஆனால் புள்ளி வேறு, குதிரை ஜாதி வேறு. பொலியத்தக்கது எது, தகாதது எதுவென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும் மக்கள் இருந்தாலன்றி ஒரு ஜாதி உருவாகாது. அப்பலூஸாவுக்கு வாய்த்த மக்கள், வடமேற்கு அமெரிக்காவின் மலைகளுக்கும் நதிகளுக்கும் இடையே வாழ்ந்த நெஸ் பெர்ஸ் என்போர். தம்மை அவர்கள் நிமிப்பூ என்றே சொல்லிக்கொள்வர். வெள்ளையர் இவர்களையும் 'இந்தியர்' என்றனர். கொலம்பஸின் பிழையால் நம் பெயரைச் சுமக்க நேர்ந்தவர்கள். ஸ்பானியர் கொணர்ந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவர்களை வந்தடைந்தன. 1806-இல் அப்பக்கம் சென்ற மெரிவெதர் லூயிஸ், அக்குதிரைகளை ஆங்கிலேயரின் உயர்ந்த குதிரைகளுக்கு ஒப்பாகக் கருதினார். அவற்றில் பெரும்பாலானவை ஒரே நிறமானவை, சிலவே புள்ளியுடையன என்றும் குறித்துள்ளார். இவர்கள் காயடிக்கும் முறை தம்மவர் முறையினும் நன்றென்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

1855-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஏறத்தாழ 75 லட்சம் ஏக்கர் இம்மக்களுக்கென்று உறுதி செய்யப்பட்டது. பின்னர் அங்கே பொன் அகப்பட்டது. 1863-இல் புது உடன்படிக்கையொன்று எழுதப்பட்டு, அந்நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு பறிபோயிற்று. கையொப்பமிட்டவருள் முதன்மையானவருக்கு வெள்ளையர் இட்டிருந்த பெயர் 'லாயர்', அதாவது வக்கீல் என்பது. அத்தொழிலைச் சேர்ந்த நமக்கு இது சற்றே கூச்சம் தருகிறது. வல்லோவா பள்ளத்தாக்கினர் கையொப்பமிடவில்லை. எனினும் அவர்கள் நிலமும் விற்கப்பட்டதாகவே சர்க்கார் சாதித்தது.

அவர்கள் தலைவர் ஜோசப் 1879-இல் இதற்கு உரைத்த உவமை குதிரை வளர்ப்போனுக்கே உரியது. என் குதிரைகளை ஒருவன் விலைக்குக் கேட்கிறான், நான் மறுக்கிறேன், அவன் அண்டை வீட்டானிடம் பணம் கொடுத்துவிட்டு வந்து, உன் குதிரைகளை வாங்கிவிட்டேன், ஒப்படை என்கிறான், எங்கள் நிலம் இவ்வாறே வாங்கப்பட்டது என்றார் அவர். கிரயச் சட்டம் முழுவதையும் கற்றவனும் இதற்கு மறுமொழி கூற இயலாது.

1877 மே மாதம் சேனாதிபதி ஹோவர்ட் முப்பது நாள் தவணை கொடுத்து வெளியேறச் சொன்னார். பெருக்கெடுத்த ஸ்நேக் நதியை மந்தைகளோடு கடக்கையில் கால்நடைகள் பல அடித்துச் செல்லப்பட்டன. பொறுமையிழந்த இளைஞர் சிலர் குடியேறிகளைக் கொன்றனர், யுத்தம் மூண்டது. பெண்டு பிள்ளைகளுட்பட எழுநூற்றுக்கும் மேற்பட்டோர், தம் குதிரைகளை நம்பி, 1,100 மைலுக்கு மேல் பட்டாளத்துக்குப் பிடிகொடாமல் சென்றனர். கானடா எல்லைக்கு நாற்பது மைல் இருக்கையில், அக்டோபர் 5-ஆம் தேதி ஜோசப் சரணடைந்தார். ஊர் திரும்பலாமென்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை. அவர்கள் கான்ஸாஸுக்கும், பின் இந்தியன் டெரிட்டரிக்கும் கொண்டு போகப்பட்டனர். நோயில் மாண்டோர் பலர். 1885-இல் வடமேற்குக்குத் திரும்ப விட்டபோதும் ஜோசப்புக்கு வல்லோவா கிட்டவில்லை. கொல்வில்லில் 1904-இல் அவர் இறந்தார்.

குதிரைகளை ராணுவம் பறித்துக்கொண்டது. விற்கப்பட்டவை போக எஞ்சியவை வண்டிக் குதிரைகளோடு கலந்து சிதறின. தேர்ந்தெடுக்கும் உரிமை கைவிட்டுப் போனபின் ஜாதி எங்ஙனம் நிலைக்கும்?

1938-இல் ஆரிகன் ராஜ்யத்தில் இக்குதிரைகளுக்கென ஒரு சங்கம் தோன்றிப் பதிவேடு திறந்தது. பலூஸ் நதியின் பெயரைக் குடியேறிகள் திரித்து வழங்கிய 'அப்பலூஸா' என்ற பெயரே நிலைத்தது. 1975-இல் ஐடஹோ இதனைத் தன் ராஜ்யக் குதிரையாக அறிவித்தது. எவரை விரட்டினரோ அவர் குதிரை அரசுச் சின்னமாயிற்று. அச்சங்கத்தாரின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அவரின்றேல் இன்று காண்பதற்கும் மிஞ்சியிராது.

நிமிப்பூ மக்கள் வேறு வழி கண்டனர். 1995-ஆம் ஆண்டு முதல், துர்க்மீனியரின் அகால்-டெக்கே குதிரைகளை அப்பலூஸாவோடு சேர்த்து, புதிய குதிரை ஜாதியொன்றைத் தாமே வளர்க்கத் தொடங்கினர். அதற்கு 'நெஸ் பெர்ஸ் குதிரை' என்று பெயரிட்டனர்.