கோல் விழாத கணக்கு

சேலம், நாமக்கல் பக்கத்தில் விளையாட்டுப் பேச்சு எழுந்தால் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கரும் பெரியவடகம்பட்டி மாரியப்பனின் உயரத் தாண்டலும் வராமல் இருக்காது. நல்லப்பன் மோகன்ராஜின் பெயர் வருவது அபூர்வம். நாமக்கல்லில் பிறந்து மோகன் பகானுக்கும், ஐ.எஸ்.எல். போட்டியில் அட்லெட்டிகோ டி கொல்கத்தாவுக்கும் ஆடியவர் அவர். இந்த வட்டாரத்தில் கால்பந்துக்குக் கூட்டம் குறைவு என்பது உண்மைதான். அதைவிட வலுவான காரணம் அவர் பின்வரிசையில் நின்றது என்று நினைக்கிறேன். நடராஜனுக்கு விக்கெட் கணக்கு இருக்கிறது. மாரியப்பனுக்கு 2016 ரியோ பாராலிம்பிக்கின் 1.89 மீட்டர் இருக்கிறது. பேக் ஆடுகிறவரின் உழைப்பைச் சொல்ல நம் கையில் ஓர் எண்ணும் இல்லை. அப்படி ஓர் எண் இருக்கவே செய்கிறது, நாம்தான் அதை அவர் பெயரில் எழுதுவதில்லை என்பதே என் வாதம்.

இதற்கு ஜர்னைல் சிங்கைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. இந்தியா கண்ட பேக்குகளில் அவருக்கு நிகராகச் சொல்லப்படுபவர்கள் மிகச் சிலர். ஆனால் அவரைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் வருவது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான். தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஆறு தையல் போட்டிருந்தவரைப் பயிற்சியாளர் ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக இன்னொரு கோல். 2-1 என்று இந்தியாவுக்குத் தங்கம். அந்த வீரத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் அவர் விட்டுப்போன இடத்தை அடைத்து நின்று, கொரியாவை ஒரே கோலோடு நிறுத்திய அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் ஆகியோரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? ஒரு பேக்கின் பெயர் நிலைப்பதற்கே அவர் ஃபார்வர்டாக ஆட வேண்டியிருந்தது. உலகமும் இதில் நம்மைவிட மேலில்லை. 1956 முதல் வழங்கப்படும் பலோன் தோர் விருதை வாங்கிய பின்வரிசைக்காரர்கள் பெக்கன்பாவர், சாமர், கன்னவாரோ மூவர்தான். 2006-க்குப் பிறகு ஒருவரும் இல்லை.

அந்த எண் எப்படி இருக்கும் என்று காட்ட மலேசியாவுக்குப் போக வேண்டும். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள் ரப்பர் தோட்டங்களில் குடியேறிய நாடு அது. அந்நாட்டுக் கால்பந்து அணிக்குத் தலைமை ஏற்று 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனவர் எம். சந்திரன், பின்வரிசை ஆட்டக்காரர். பக்கத்தில் சோ சின் ஆன். தகுதிச் சுற்று 1971 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சியோலில் நடந்தது. 1968 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியிருந்த ஜப்பானை மலேசியா 3-0 என்று வென்றது. தைவானை 3-0, பிலிப்பைன்ஸை 5-0. கொரியாவை அவர்கள் ஊரிலேயே 1-0. அந்த ஒரு கோலைத் தலையால் அடித்த சையது அகமதை மலேசியா இன்றும் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். நான்கு ஆட்டங்களில் மலேசியா வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. பின்னால் ஒன்று விழுந்திருந்தால் சையது அகமதின் கோல் வெறும் சமநிலைக்குத்தான் உதவியிருக்கும். சந்திரன் பெயரில் எழுதப்பட வேண்டியது இந்தப் பூஜ்யம்.

இதற்கு மறுப்பு உண்டு. கோல் விழாதது ஒருவர் சாதனையா? கோலி இருக்கிறார், நடுவரிசை இருக்கிறது, எதிரணியின் தடுமாற்றமும் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் கோல் விழுவது மட்டும் தனி ஒருவர் சாதனையா? பந்தைப் பறித்தவர், கடத்தியவர், கிராஸ் கொடுத்தவர் என்று பலர் கைமாறிக் கடைசியில் தொட்டவர் பெயரில் அது எழுதப்படுகிறது. அங்கே கூட்டு உழைப்பை ஒருவர் பெயரில் எழுதத் தயங்காதவர்கள் இங்கே தயங்குவது நியாயமாகப் படவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இதே அணி மியூனிக்கில் மூன்று ஆட்டங்களில் ஒன்பது கோல் வாங்கியது. மேற்கு ஜெர்மனியிடம் மூன்று, மொராக்கோவிடம் ஆறு. இதை மறைத்துவிட்டு சியோலை மட்டும் பேசுவது ஏமாற்று வேலை. ஆனால் பேக்கின் கணக்கை எதிராளியோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்பதற்கு இதுவே ஆதாரம். பின்னாளில் உலகக் கோப்பை வென்ற ஊலி ஹோனஸ் இருந்த ஜெர்மன் அணிக்கு, அதன் சொந்த மண்ணில், இடைவேளை வரை ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. அதே போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராகவும் கோல் விழவில்லை. மலேசியா 3-0 என்று வென்றது. மொராக்கோ ஆட்டம் தோல்விதான், அதுவும் சந்திரன் பெயரில் இருக்கட்டும். ஃபார்வர்டு தவறவிட்ட வாய்ப்புகளை நாம் மறந்துவிடுகிறோம். பேக்குக்கு நல்லதும் கெட்டதும் சேர்ந்த முழுக்கணக்கு கிடைத்தாலே அது பெரிய முன்னேற்றம்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஜோனல் மேட்சுகளில் இதைத் தொடங்கலாம். ஓடத் தெரியாத பையனை பேக்கில் நிறுத்து என்ற பழக்கம் மாற, பி.டி. ஆசிரியர்களுக்கு உபதேசம் தேவையில்லை. ஸ்கோர் தாளில் ஒரு வரி கூடினால் போதும். கோல் அடித்தவர் பெயருக்குக் கீழே, பின்னால் நின்ற நான்கு பேர், கோலி, அவர்கள் ஆடிய நிமிடங்கள், அந்நேரத்தில் விழுந்த கோல்கள், எதிரணி யார் என்பது. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு வரும் எருமப்பட்டி பையன், ஸ்டாப்பராக ஆடிய மூன்று வருடக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வரலாம்.