எரரே வரவில்லையா, வந்தும் தெரியவில்லையா?

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர் ஆர்டரை இணையத்தில் வாங்கும் மிட்டாய்க் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். “பணம் கட்டுற பட்டன் அமுங்க மாட்டேங்குது” என்று சென்னையிலிருந்து போன் வருகிறது. தளத்தை எழுதிக் கொடுத்த தம்பி சென்ட்ரியைத் திறந்து பார்க்கிறார். ஒரு எரர்கூட இல்லை. “நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்குண்ணே” என்கிறார். அவசரப்பட்டுவிட்டார்.

சென்ட்ரி என்பது 2008-ல் டேவிட் கிரேமர் ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்குக்காக எழுதத் தொடங்கிய எரர் கண்காணிப்புக் கருவி. இன்று பிரபலமான பல புரோகிராமிங் மொழிகளுக்கு அதன் லைப்ரரி உண்டு. புரோகிராம் உடையும்போது எந்த வரியில், எந்த பிரவுசரில், எந்த வெர்ஷனில் உடைந்தது என்று சேகரித்துத் தன் சர்வருக்கு அனுப்பும். செய்தி வரவில்லை என்றால் லைப்ரரியையே குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் செய்தி வழியில் எங்கோ சிக்கியிருக்கும்.

எங்கே என்று கண்டுபிடிக்க, வேண்டுமென்றே ஒரு எரரைக் கிளப்புங்கள். பிரவுசர் கன்சோலில் தட்டிப் பார்ப்பது உதவாது. அங்கே எறியும் எரர் லைப்ரரிக்குத் தெரியாமலே போய்விடும். தளத்தின் பக்கம் ஒன்றிலேயே ஒரு சோதனை பட்டன் வையுங்கள். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அதை அமுக்குங்கள்.

சென்ட்ரிக்கு எந்தக் கோரிக்கையும் போகவில்லையா? டி.எஸ்.என். எனப்படும் முகவரியைப் பாருங்கள். லேப்டாப்பில் இருக்கும் என்விரான்மென்ட் வேரியபிளை லைவ் சர்வரில் வைக்க மறந்திருப்பார்கள். முகவரி காலியாக இருந்தால் லைப்ரரி புகார் சொல்லாது, சும்மா இருந்துவிடும். ‘டீபக்’ அமைப்பை ‘ட்ரூ’ ஆக்கினால் கன்சோலில் வாய் திறக்கும்.

அடுத்த சந்தேகம் ‘பிஃபோர்சென்ட்’ மீது. தேவையற்ற எரர்களை வடிகட்ட எழுதும் ஃபங்ஷன் அது. கடைசியில் ஈவென்ட்டை ரிட்டர்ன் செய்ய மறந்தால் எல்லா எரரும் அங்கேயே கொட்டிப்போகும். நம் மிட்டாய்க் கடை விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது வேறொன்றை: பணம் கட்டும் கோட் பகுதியை ‘ட்ரை–கேட்ச்’சுக்குள் போட்டு, ‘கேட்ச்’சைக் காலியாக விட்டிருப்பார்கள். பிடித்து விழுங்கிய எரர் தானாக வெளியே வராது. அங்கே ‘கேப்சர் எக்செப்ஷன்’ ஒரு வரி எழுதியாக வேண்டும்.

கோரிக்கை கிளம்பியும் தடுக்கப்பட்டிருந்தால், விளம்பரத் தடுப்பானாக இருக்கலாம். உங்கள் டொமைன் வழியாகவே அனுப்பும் ‘டனல்’ ஏற்பாடு அதற்கு உண்டு. 429 என்று பதில் வந்தால் உங்கள் ஒதுக்கீடு தீர்ந்திருக்கலாம். ஒரே எரர் ஆயிரக்கணக்கில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இரவில் கணக்கை ஒத்துப்பார்க்கும் சின்ன ஸ்கிரிப்டுகளுக்குத் தனிச் சிக்கல். எரர் பின்னணியில் வரிசையில் நிற்கும்போதே புரோகிராம் முடிந்துவிடக்கூடும். வெளியேறும் முன் ‘ஃபிளஷ்’ அழைத்து, ஓரிரு விநாடி காத்திருக்கச் சொல்லுங்கள். விளாத்திகுளம் பக்கம் வத்தல் கொள்முதலைப் போனில் பதிகிறவர்களுக்கு இதே மாதிரி இன்னொன்று: நெட் இல்லாத நேரத்து எரரை பிரவுசர் லைப்ரரி இயல்பாகச் சேமித்து வைக்காது. ஆஃப்லைன் டிரான்ஸ்போர்ட்டைச் சேர்த்தால் போனிலேயே வைத்திருந்து பிறகு அனுப்பும்.

எரர் வந்தும் படிக்க முடியவில்லை, ஏதோ ஒரு எழுத்து, வரி 1 என்று மட்டும் காட்டுகிறதா? சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் அப்படித்தான் தெரியும். சோர்ஸ் மேப்பை ஒவ்வொரு பில்டிலும் ஏற்றுங்கள், அதுவும் லைவ் விடுவதற்கு முன்பே. பழைய பில்டின் மேப் புதிய கோடுக்குப் பொருந்தாது.

இத்தனையும் சரியானபின் எரரோடு சேர்ந்து என்னென்ன போகிறது என்று ஒரு ஈவென்ட்டைத் திறந்து முழுதாகப் படியுங்கள். ஆர்டர் போட்டவரின் போன் நம்பர், வீட்டு முகவரி, டோக்கன் எல்லாம் ஒட்டிக்கொண்டு போகக்கூடும். இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறிவிட்டது. பட்டன் ஏன் அமுங்கவில்லை என்று தெரிந்துகொள்ள வாடிக்கையாளரின் கதவு எண் தேவையில்லை. ‘பிஃபோர்சென்ட்’டிலேயே அதை அழித்துவிடுங்கள்.