இரண்டு வாட் ஆம்ப்புக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்?

வால்வு ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை முழுதாகத் திருகினால் வால்வு திணறும், கிட்டார் ஓசை கரகரத்து உடையும். ராக் இசை வளர்ந்ததே அந்தக் கரகரப்பில்தான். ஆனால் அடுத்த அறையில் பிள்ளை தூங்குகிறதே? அதனால்தான் குறைந்த வோல்ட்டில் ஓடும் சிறிய ஆம்ப்புகளைப் பலர் தாங்களே கட்டுகிறார்கள். அதில் தவறாக வாங்கிவிட்டால் பிறகு திருத்த வழியில்லாத உறுப்பு பவர் டிரான்ஸ்ஃபார்மர்.

கையில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மருக்கு வால்வு தேடக் கூடாது. வால்விலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்பில் இருந்த 6வி6 வால்வையே எடுத்துக்கொள்வோம். ஒற்றை வால்வாக 250 வோல்ட்டில் அது 4.5 வாட் தரும். 180 வோல்ட்டில் 2 வாட். பாதிக்கும் கீழே இறங்கியதுபோல் தெரிந்தாலும், காதுக்கு அது 3.5 டெசிபெல் குறைவுதான். பெரிய மாற்றம் வால்வுக்குள் சிக்னல் நுழையும் கிரிட்டில் நடக்கிறது. அங்கே வைக்கும் பயாஸ் 12.5 வோல்ட்டிலிருந்து 8.5 ஆகிறது. சிக்னல் இந்த அளவைத் தொட்டதும் வால்வு திணறத் தொடங்கும். அதாவது, இன்னும் சிறிய சிக்னலுக்கே அந்தக் கரகரப்பு வந்துவிடுகிறது. எனக்கு இந்த ஆம்ப்புகளைப் பிடிப்பதே இதற்காகத்தான்.

இனி கணக்கு. வால்வுக்கு 180, அந்த பயாஸுக்காகக் கேத்தோடில் நிற்கும் 8.5, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பியில் தொலையும் சில வோல்ட் என்று எல்லாம் சேர்ந்தால் 200க்கு அருகில் டிசி வேண்டும். நான்கு டயோடு பிரிட்ஜும் கெபாசிட்டரும் ஏசியை ஏறக்குறைய 1.4 மடங்காக்கும். எனவே 150 வோல்ட் சுற்று போதும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கரண்ட்டையும் பார்த்தாக வேண்டும். 6வி6, முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 இரண்டும் சேர்ந்து 36 மில்லிஆம்ப் இழுக்கும். ஆனால் கெபாசிட்டர் ஒவ்வொரு அலையின் உச்சியிலும் மட்டும் சட்டென்று நிரம்புவதால், டிரான்ஸ்ஃபார்மர் உணரும் சுமை இன்னும் அதிகம். இத்தகைய பிரிட்ஜுக்கு வழக்கமாக எடுக்கும் 0.62ஆல் 36ஐ வகுத்தால் 58. ஆகவே 75 மில்லிஆம்ப் சுற்றாக வாங்குங்கள். ஹீட்டருக்குத் தனிச் சுற்று, 6.3 வோல்ட். இரு வால்வுக்கும் 0.75 ஆம்ப் போகும்; 1 ஆம்புக்குக் குறையாமல் இருக்கட்டும். 150 வோல்ட் கடையில் கிடைக்காவிட்டால், காயில் கட்டுபவரிடம் இந்த எண்களை எழுதிக் கொடுத்தாலே போதும்.

அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் மலிவாகக் கிடைத்தால் லேபிளைப் படியுங்கள். நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்ததை 50இல் ஓட்டினால் இரும்பு உள்ளகத்தில் காந்தப் பாயம் 20 சதவீதம் ஏறும், கொதிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1950, 60களில் மலிவு விலை ஆம்ப்புகள் சில அப்படித்தான் வந்தன, சுவர் மின்சாரத்தை நேரே எடுத்துக்கொண்டு. உள்ளே ஒரு கெபாசிட்டர் பழுதானால் கிட்டார் கம்பியிலேயே மின்சாரம் ஏறும். அமெரிக்காவில் அவற்றுக்கு வைத்த பெயர் ‘விதவையாக்கி’.