ஏரி, மதகு, ஒரு கறுப்புப் பேனா

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்க வருகிறவர்கள் குடவோலையைப் பற்றித்தான் கேட்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டியவை அவை. முப்பது குடும்பு, ஓலையில் பெயர், குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவன் என எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது. என் தாத்தாவுக்குப் பிடித்த இடம் வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்கு வர முடியாது என்கிற விதி அது. தாத்தா பக்கத்துக் கிராமத்தில் கர்ணமாக இருந்தவர். ஜமாபந்திக்குக் கணக்கு முடிக்கும் நாட்களில் அந்த விதியைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் அடங்கலும் சிட்டாவும் எழுதிய பேனா இப்போது என்னிடம் இருக்கிறது. சுண்டுவிரலைவிடப் பருமன். கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் நேராக உடம்புக்குள் மை ஊற்ற வேண்டும். ஒரு காலத்தில் கறுப்பாக இருந்தது, வெயில் பட்டுப் பட்டுப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. துணியால் அழுத்தித் தேய்த்தால் லேசாகக் கந்தக வாசனை வரும். அந்த வாசனைதான் அது எபோனைட் என்பதற்குச் சாட்சி. ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் கொம்பு மாதிரி இறுகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கண்டுபிடித்த பொருள் இது. பழைய பேனாக்களின் உடம்பு பெரும்பாலும் இதில்தான் ஆனது.

ஊற்றுப் பேனாவை விளக்க எங்கள் ஊர்க்காரருக்கு உவமை தேடிப் போக வேண்டியதில்லை. அந்தக் கல்வெட்டிலேயே ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று வருகிறது. பேனாவின் உடம்பை ஏரி என்று வைத்துக்கொண்டால், நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்குத்தான் மதகு. அதில் மெல்லிய வாய்க்கால்கள் கீறியிருக்கும். ஆனால் மை கீழே இறங்க வேண்டுமானால் அதே அளவு காற்று மேலே ஏற வேண்டும். வாய் குறுகிய சொம்பைக் கவிழ்த்தால் தண்ணீர் ஒரே சீராக விழாமல் குபுக் குபுக்கென்று விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆதிகாலப் பேனாக்கள் அப்படித்தான் தாளில் கொட்டின. நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்ற நாக்கு, மையும் காற்றும் எதிரெதிரே போய்வர வழி செய்தது. அதன் பிறகுதான் ஊற்றுப் பேனாவை நம்பிச் சட்டைப் பையில் குத்திக்கொள்ள முடிந்தது.

பிறகு மேல்நாட்டில் மை நிரப்புவதற்கென்று எத்தனையோ ஏற்பாடுகள் வந்தன. ஷெஃபர் நெம்புகோல் வைத்தது, 1929இல் பெலிக்கன் பிஸ்டன் வைத்தது. நம் ஊரில் ஊற்றி நிரப்பும் பேனாவே பெரும்பாலும் நிலைத்தது. அதைப் பின்தங்கிய வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே ரப்பர் பை இல்லை, ஆகவே இற்றுப்போக ஒன்றுமில்லை. உடம்பு முழுக்க மை, ஒரு நாள் முழுக்க எழுதும் கணக்கருக்கும் பத்திர எழுத்தருக்கும் அது போதும். தொல்லை ஒன்று உண்டு. மை கால்வாசிக்குக் குறைந்தால், கைச்சூட்டில் உள்ளேயிருக்கும் காற்று விரிந்து ஒரு சொட்டைத் தள்ளிவிடும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். எபோனைட் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, உடம்பையும் தடிமனாகக் கடைந்துவிட்டால் சொட்டு விழுவது குறையும். தாத்தாவின் பேனா அவ்வளவு பருமனாக இருப்பது இதனால்தான்.

வெளிநாட்டுப் பேனாவுக்கு ஈடாக இங்கேயே ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்கிற வேகத்தைச் சுதேசி இயக்கம் தந்தது. ராஜமுந்திரியில் பொற்கொல்லரான கே.வி. ரத்னம் செய்த பேனா, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் கைவழியாகக் காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. அதைப் பாராட்டி 1935 ஜூலையில் காந்தி கடிதம் எழுதினார். சென்னைப் பாரிமுனையில் 1920களில் தொடங்கிய ஜெம் அண்ட் கோ, காமா என்ற பெயரில் பேனா விற்றது. எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது திருவள்ளூர். 1970இல் எம்.எஸ். பாண்டுரங்கன் அங்கே ரங்கா பேனாப் பட்டறையைத் தொடங்கினார். அப்போது திருவள்ளூரும் உத்திரமேரூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1997இல்தான் இரண்டும் வேறு வேறு மாவட்டமாயின.

இந்த வேலைக்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது, கடைசல். எபோனைட் கம்பியை அளவுக்கு வெட்டி, லேத்தில் பூட்டி, உளியால் கடைந்து, உள்ளே துளை போட்டு, மரை வெட்ட வேண்டும். சீப்பு மாதிரிப் பல் வைத்த உளியைக் கையாலேயே பிடித்து மரை வெட்டுவதுதான் கடினமான கட்டம். கை அரை நொடி பிசகினால் மரை பாழ், மூடி உட்காராது. உடம்பின் மரையில் முடிக்கனம் இடைவெளி இருந்தாலும் மை கசிந்து விரலுக்கு வந்துவிடும். இந்த மாதிரிக் கடைந்த பேனாக்களை இன்று ஜெர்மனி நிப்புப் பொருத்தி வெளிநாட்டு அன்பர்கள் தேடி வாங்குகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளில் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்பது வருத்தம்.

அந்தக் கால நீலக்கறுப்பு மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதும்போது நீலமாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். மையில் கரைந்திருக்கும் இரும்பு உப்பு காற்றுப் பட்டு, துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து தாளின் நாரில் கறுப்பாகப் படிந்துவிடுகிறது. பிறகு தண்ணீர் விட்டாலும் போகாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு வரும் என்பது நம் சாயக்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய நிலக் கணக்குக்கு இந்த மையைவிட வேறென்ன வேண்டும்!

1980இல் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. தாத்தா கணக்குகளை ஒப்படைத்துவிட்டு வந்தார். கொஞ்ச காலத்தில் வீட்டுக்குள் பால்பாயின்ட் பேனாக்கள் வந்தன. கறுப்புப் பேனா இரும்புப் பெட்டிக்குப் போனது.

போன மாதம் அதை வெளியே எடுத்தேன். பழைய எபோனைட்டை வெந்நீரில் போடக் கூடாது, நிறம் மங்கிவிடும். ஆகவே கழுத்தையும் நிப்பையும் மட்டும் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் சற்று நேரம் நனைத்தேன். மரை இறுகிப் போயிருந்ததால் அவசரப்படாமல் துணி சுற்றித் திருகினேன். முதல் தண்ணீர் கறுப்பாகவே இறங்கியது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றினேன். மூன்றாவது கிண்ணத்திலும், நாக்கின் வாய்க்காலிலிருந்து ஒரு நூல் நீலம் மெல்லப் பிரிந்து வந்துகொண்டிருந்தது.