சபைக்கூச்சத்துக்குக் கூத்துக் களரியில் ஒரு வழி

தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பெயர் எடுக்கும்போது, வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட “எனக்கு ஏலாது சேர்” என்று பின்வாங்குவதுண்டு. மட்டக்களப்பு வெல்லாவெளியிலும் அப்படித்தான், கொழும்பிலும் அப்படித்தான்.

உடம்பில் நடப்பது

பல கண்கள் ஒன்றாக நம்மைப் பார்த்ததும் மூளை அதை ஆபத்தென்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் வறள்கிறது, கை நடுங்குகிறது. இது நோயல்ல. பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் பெரும்பாலானோருக்குத் தணிந்துவிடும்.

பேசுகிறவர் நினைக்கும் அளவுக்கு அவருடைய பதற்றம் சபைக்குத் தெரிவதுமில்லை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இதை முன்கூட்டியே அறிந்துகொண்டு பேசிய மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

அண்ணாவியார் செய்வது

இந்தக் கூச்சத்தைப் பழக்கத்தால் போக்கலாம். மட்டக்களப்பின் படுவான்கரையில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எவரையும் ஒரே நாளில் மேடையேற்றுவதில்லை. முதலில் அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டு எழுதிய சட்டம் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும். அதன்பின் ஊரார் கூடிப் பார்க்கும் சதங்கை அணி விழா, முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், கடைசியில்தான் அரங்கேற்றம். வயலில் வேலை செய்துவிட்டு வருபவர் விடியவிடியக் கூச்சமில்லாமல் ஆடுவது இப்படிப் பழகியதால்தான். பயப்படும் சூழலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குவதையே இன்றைய உளவியல் சிகிச்சையும் செய்கிறது.

பேச்சுக்கும் இதே வரிசை போதும். முதலில் அம்மம்மாவுக்குப் பேசிக் காட்டுங்கள், பிறகு இரண்டு மூன்று நண்பர்களுக்கு, பிறகு வகுப்புக்கு, அதன்பின் காலைக் கூட்டத்தில். முழுப் பேச்சையும் மனனம் செய்ய வேண்டாம். ஒரு சொல் தவறினால் எல்லாம் மறந்துபோகும். தொடக்க வரிகளையும் கருத்துகளின் ஒழுங்கையும் மட்டும் மனதில் பதியுங்கள். மேடைக்கு முன் கடுஞ்சாயத் தேத்தண்ணி வேண்டாம், படபடப்பைக் கூட்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள்.

எப்போது வைத்தியரிடம்?

மற்றவர் முன் பேசவோ சாப்பிடவோ பயந்து, ஆறு மாதங்களுக்கு மேலாகப் பாடசாலையையோ வேலையையோ தவிர்த்துவந்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. படபடப்பைக் குறைக்கும் புரொப்ரனலோல் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது.

ஆசிரியர்களே, தடுமாறும் பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்க விடாதீர்கள். அடுத்த கிழமையும் அந்தப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் பேசக் கொடுங்கள்.